ஆக்டேவியா புல்வார்டு: ஃப்ரீவேயை இடித்துப் போட்ட சாலையால் யாருக்கு என்ன கிடைத்தது?

கோஃப்_தெரு எழுதியது:

ஓக்லாந்தில் 980 ஃப்ரீவேயை எடுத்துவிட்டு நகரச் சாலை போடலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "சான் பிரான்சிஸ்கோ ஆக்டேவியாவைப் பாருங்கள்" என்கிறார். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே எதைப் பார்ப்பது என்பதில் எனக்கும் பல பேருக்கும் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் இந்த இழை.

புதிதாக பே ஏரியாவுக்கு (சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து எல்லாம் சேர்ந்த வளைகுடா வட்டாரம்) வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவின் ஹேஸ் வேலி வட்டாரத்தில், வீடுகளுக்கு நடுவே சென்ட்ரல் ஃப்ரீவே என்று இரண்டடுக்குக் கான்கிரீட் பாலம் 1959 முதல் நின்றது. 1989 அக்டோபர் 17-ஆம் தேதி வந்த லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தது. ஃபெல் தெருவுக்கு வடக்கே இருந்த பகுதியை 1992-ல் இடித்தார்கள். மிச்சத்தின் மேல் அடுக்கை 1996-ல் எடுத்தார்கள். அப்புறம் மூன்று வருடம் தேர்தலுக்குத் தேர்தல் இதே சண்டைதான். 1997-ல் ஃப்ரீவேயைத் திரும்பக் கட்டச் சொல்லி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1998-ல் அதை மாற்றி புல்வார்டுக்கு, அதாவது மரம் வைத்த அகலமான நகரச் சாலைக்குப் போட்டார்கள். 1999-ல் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தீர்மானத்தோடு வந்தன, புல்வார்டு ஜெயித்தது. 2003-ல் மார்க்கெட் தெருவுக்கு வடக்கே எதுவும் மிச்சமில்லை. 2005 செப்டம்பரில் ஆக்டேவியா புல்வார்டைத் திறந்தார்கள்.

இருபது வருடம் ஆகிவிட்டது. உங்கள் கணக்கில் இது வெற்றியா?

சன்செட்வாசி எழுதியது:

நகரத்தின் மேற்கே சன்செட், ரிச்மண்ட் பக்கம் குடியிருப்பவர்களிடம் இதைக் கேட்டால் வேறு பதில் வரும். எங்களுக்குத் தெற்கே வேலை. ஓக் தெருவில் வந்து ஆக்டேவியாவில் திரும்பி, மார்க்கெட் சிக்னல் தாண்டி ஃப்ரீவே ஏற வேண்டும். மாலையில் ஓக் தெருவில் வண்டிகள் பிளாக் பிளாக்காக நிற்கும். அந்த மூன்று லேனிலும் நிற்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. ஷிஃப்ட் முடிந்து போகிற நர்ஸ் இருப்பார், பிள்ளையை டே கேரிலிருந்து கூட்டிவர ஓடுகிறவர் இருப்பார்.

1997-ல் ஃப்ரீவேக்கு ஓட்டுப் போட்டதில் பெரும்பங்கு எங்கள் பக்கத்து ஜனங்கள். அவர்களை முட்டாள்கள் மாதிரி எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். ஹேஸ் வேலிக்காரர்களுக்கு மரமும் காபிக்கடையும் கிடைத்தன. எங்களுக்குக் கிடைத்தது சிக்னல்.

மேம்பாலம்73 எழுதியது:

தொழில்முறையில் போக்குவரத்துக் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் சில எண்களை வைக்கிறேன்.

1995-ல் அந்த ஃப்ரீவேயில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 93,000 வண்டிகள் ஓடின. புல்வார்டு திறந்து ஆறு மாதத்தில் எண்ணியபோது ஆக்டேவியாவில் ஏறக்குறைய 45,000. பாதிக்கும் கீழே. ஆனால் சிக்னல் வைத்த நான்கு லேன் சாலைக்கு 45,000 என்பது சின்னச் சுமை இல்லை, கிட்டத்தட்ட நிரம்பிய நிலை. எனவே சன்செட்வாசி சொல்லும் ஓக் தெரு வரிசை கற்பனை இல்லை. அந்தச் சாலை தன்னால் முடிந்த அளவு வண்டிகளை விட்டுக்கொண்டிருக்கிறது, மீதி வரிசையில் நிற்கிறது.

சன்செட்வாசி எழுதியது:

மீதி 48,000 எங்கே போனது? "ஆவியாகிவிட்டது" என்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன். மனிதர்கள் ஆவியாவதில்லை.

மேம்பாலம்73 எழுதியது:

நியாயமான கேள்வி. 1996-ல் மேல் அடுக்கை எடுக்க மூடியபோது நகரமே ஸ்தம்பிக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. அப்புறம் அந்த ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தவர்களிடம் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் தபாலில் கேட்டது. மூன்றில் இரண்டு பேர் வேறு ஃப்ரீவேக்கு மாறியிருந்தார்கள். பத்தில் ஒருவர் முழுக்க நகரத் தெருக்கள் வழியாகப் போனார். பஸ், ரயிலுக்கு மாறியவர்கள் 100-க்கு இரண்டு மூன்று பேர்தான். ஐந்தில் ஒருவர் முன்பைவிடக் குறைவாக அந்தப் பக்கம் போவதாகச் சொன்னார்.

அதாவது யாரும் காரை விற்றுவிட்டு பஸ் ஏறவில்லை. வழி மாறினார்கள், சில பயணங்களை விட்டார்கள். "ஃப்ரீவேயை எடுத்தால் எல்லோரும் ரயிலுக்கு மாறுவார்கள்" என்று பிரசாரம் செய்பவர்களும் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும், "ஊர் நாசமாகும்" என்பவர்களும் படிக்க வேண்டும்.

இன்னொன்று. 1989 முதல் 2003 வரை அந்த ஃப்ரீவே துண்டு துண்டாகத்தான் போனது. பத்து வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் வேறு வழி பழகிவிட்டார்கள். நிலநடுக்கம் கட்டாயமாக நடத்திவைத்த ஒத்திகை அது. 980-க்கு அப்படி எதுவும் இல்லை.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

சைக்கிள்காரர்கள் சார்பில் ஒன்று. ஃப்ரீவே வந்து தரையைத் தொடும் இடம் மார்க்கெட் தெரு. நகரத்திலேயே அதிகமாக சைக்கிள் ஓடும் தெருக்களில் ஒன்று. கிழக்கு நோக்கி மார்க்கெட்டில் வரும் வண்டிகள் வலதுபக்கம் திரும்பி ஃப்ரீவேயில் ஏறக்கூடாது என்று தடை. பலகை வைத்தார்கள், சாலையில் தீவுத் திட்டு கட்டினார்கள். அப்படியும் திரும்புகிறார்கள். திரும்பும் வண்டி நேராக சைக்கிள் லேனைக் குறுக்கே வெட்டும். பச்சை விளக்கில் நேராகப் போகிறவருக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் கார் கடைசி நொடியில்தான் தெரியும். திறந்த முதல் சில வருடங்களில் எத்தனையோ பேர் அங்கே அடிபட்டார்கள். ஃப்ரீவேயை மார்க்கெட் தெரு வரை கொண்டுவந்து நிறுத்தாமல் இன்னும் தெற்கிலேயே முடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரைபலகை எழுதியது:

நகரத் திட்டமிடல் படிக்கிறேன், அதனால் சாலையின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வடிவமைத்தவர்கள் ஆலன் ஜேக்கப்ஸ், எலிசபெத் மெக்டொனால்டு. ஜேக்கப்ஸ் முன்பு இதே நகரத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர். பக்கச்சாலை வைத்த பழைய புல்வார்டுகளைப் பல வருடம் அளந்து பார்த்தவர்கள் இவர்கள். பாரிஸ், பார்சிலோனா, புரூக்ளினில் 1870-களில் போட்ட ஓஷன் பார்க்வே, கலிபோர்னியாவிலேயே சிக்கோ ஊரில் இருக்கும் எஸ்பிளனேடு. சந்திப்பில் இத்தனை லேன் சேர்ந்தால் விபத்து கூடும் என்று இன்ஜினியர்கள் இந்த வகைச் சாலையை ஒதுக்கிவைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆக்டேவியாவின் மொத்த அகலம் 133 அடி. நடுவில் போவதும் வருவதுமாக நான்கு லேன், அது கடந்துபோகும் வண்டிகளுக்கு. இரண்டு ஓரத்திலும் மரத்திட்டுக்கு அப்பால் ஒற்றை லேன் பக்கச்சாலை, பார்க்கிங்கோடு. அது அங்கே இருப்பவர்களுக்கு. இந்தப் பக்கச்சாலையை ஒருமுறை நின்று பாருங்கள். ஒடுக்கமாக இருப்பதால் உள்ளே நுழையும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. பார்சல் வேன் நின்றால் பின்னால் வருபவர் காத்திருக்கிறார். சாமான் இறக்குகிறவர் டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்கும் வண்டிக்கும் நடக்கிறார். பத்தடி தள்ளி ஃப்ரீவேக்குப் போகும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு மரவரிசையும் ஒரு கல்வரம்பும்தான்.

ஃபெல் தெருவில் வண்டிகள் மேற்கே திரும்பிவிடும். அதற்கு வடக்கே ஹேஸ் தெரு வரை பாட்ரீசியா கிரீன் என்ற சின்னப் பூங்கா. புல்வார்டுக்காகத் தெருத்தெருவாக அலைந்த பாட்ரீசியா வாக்கப் 2006-ல் இறந்தார், அவர் பெயர்தான் அது.

ஓக்லாந்து_அக்கா எழுதியது:

வடிவம் எல்லாம் சரி தம்பிகளா, எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். சைப்ரஸ் ஃப்ரீவே 1957-ல் மேற்கு ஓக்லாந்தை இரண்டாகப் பிளந்து கட்டப்பட்டது. 1989 நிலநடுக்கத்தில் மேல் அடுக்கு கீழ் அடுக்கு மேல் விழுந்து 42 பேர் செத்தார்கள். அதே இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் ஒற்றைக் காலில் நின்றார்கள். கடைசியில் ரயில்வே நிலம் ஓரமாக வளைத்துப் புது 880 ஃப்ரீவே போட்டு 1997-ல் திறந்தார்கள், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. பழைய தடத்தில் மண்டேலா பார்க்வே வந்தது. அதுவும் 2005-ல்தான்.

அகலமான சாலை, நடுவில் நீளமான புல்வெளி, நடப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பல இடங்களில் இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்தான். கடை கிடையாது, வீட்டு வாசல் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே தனியாக நடக்க யோசிப்பேன். ஃப்ரீவேயும் ஊரைவிட்டுப் போகவில்லை, நகர்ந்திருக்கிறது. லாரிப் புகை இன்னும் மேற்கு ஓக்லாந்துக்குள்தான்.

சன்செட்வாசி எழுதியது:

அக்கா சொன்னதோடு சான் பிரான்சிஸ்கோ எம்பார்க்கடேரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஓரம் இருந்த அந்த இரண்டடுக்கு ஃப்ரீவே போய், இப்போது பேரீச்சை மரமும் டிராமும் ஃபெர்ரி கட்டடமுமாக எல்லோரும் படம் எடுக்கும் இடம். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃப்ரீவேயின் பிராட்வே இறக்கத்தில்தான் சைனாடவுன் கடைகளுக்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நிலநடுக்கத்தோடு வியாபாரம் படுத்தது. ரோஸ் பாக் தலைமையில் வியாபாரிகள் இடிக்கக்கூடாது என்று போராடினார்கள். 1990-ல் நகர சபையில் 6-க்கு 5 என்ற ஓட்டில் இடிக்க முடிவானது. அதை முன்னின்று செய்த மேயர் ஆர்ட் அக்னோஸ் 1991 தேர்தலில் தோற்றார்.

அவர்களுக்கு ஈடாகப் பேசப்பட்ட சுரங்க ரயில் எப்போது ஓடியது தெரியுமா? 2022 நவம்பரில். அதன் சைனாடவுன் ஸ்டேஷனுக்கு ரோஸ் பாக் பெயரும் வைத்தார்கள். அவர் அதற்குள் காலமாகிவிட்டார். 1991-ல் கடை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த ரயிலைப் பார்த்திருப்பார்கள்?

கோஃப்_தெரு எழுதியது:

சன்செட்வாசி, நீங்கள் சொல்வதில் ஒரு வரிகூட மறுப்பதற்கில்லை. சைனாடவுன் விஷயத்தில் நகரம் கடன்பட்டது, முப்பது வருடம் தாமதமாக அடைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் இந்த மொத்த வரலாற்றில் மிக மோசமான பக்கம்.

இப்போது நான் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேனோ அதற்கு வருகிறேன். இதுவரை நாம் பேசியது சாலை. 93,000 வண்டி, 45,000 வண்டி, 133 அடி, சிக்னல். சென்ட்ரல் ஃப்ரீவே போனபோது நகரத்துக்குக் கிடைத்தது சாலை மட்டும் இல்லை. அதன் அடியிலும் இறக்கங்களின் மடியிலும் சிக்கிக் கிடந்த நிலம் கிடைத்தது. 22 மனைகள், ஏறக்குறைய 7 ஏக்கர், நகரத்தின் நடு மத்தியில். சிட்டி ஹாலுக்கு நடந்து போகும் தூரம்.

அந்த நிலம் மாநிலத்துடையது. சும்மா விட்டிருந்தால் கால்ட்ரான்ஸ் ஏலம் போட்டிருக்கும், அல்லது கம்பி வேலி போட்டுப் பார்க்கிங் நடத்தியிருக்கும். சட்டம் போட்டு அதை நகரத்துக்கு மாற்றினார்கள். விற்கும் பணம் புல்வார்டுக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும்தான் போக வேண்டும் என்று நிபந்தனை. அந்த மனைகளில் வரும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வீடுகளில் பாதி, வருமானம் குறைந்தவர்களுக்கு என்று திட்டம். அதோடு 2008-ல் வந்த மார்க்கெட்-ஆக்டேவியா திட்டம், ஒவ்வொரு புது வீட்டுக்கும் கார் நிறுத்த இடம் கட்டியே ஆக வேண்டும் என்ற பழைய விதியை அந்த வட்டாரத்தில் எடுத்துவிட்டது. ஆக்டேவியாவின் பாதி வெற்றி இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. மண்டேலா பார்க்வேயில் அக்கா பார்க்கும் கிடங்குச் சுவருக்கும் இங்கே பார்க்கும் வீட்டு வாசல்களுக்கும் வித்தியாசம் மரம் நட்டதில் இல்லை.

உடனே எல்லாம் நடந்துவிடவும் இல்லை. 2008-ல் பொருளாதாரம் விழுந்ததும் மனைகள் விலைபோகாமல் கிடந்தன. லகூனா தெருப் பக்கம் பழைய ஃப்ரீவே இறக்கம் இருந்த இடத்தில் 2010 முதல் 2013 வரை ஹேஸ் வேலி ஃபார்ம் என்று ஒரு தோட்டம் போட்டார்கள். அங்கே மண்ணே கிடையாது. அட்டைப்பெட்டிகளை விரித்து அதன்மேல் மரத்தூளும் எருவும் அடுக்கடுக்காகக் கொட்டி மண் உண்டாக்கினார்கள். வண்டி ஏறி இறங்கிய அந்தச் சரிவிலேயே தொட்டிகளில் பழமரக் கன்றுகள் நின்றன. தாற்காலிகம் என்று தெரிந்தே செய்தார்கள், சொன்னபடி காலி செய்தும் கொடுத்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஃபெல் தெருப் பக்கம் இருக்கும் கட்டடத்தில் 108 வீடுகள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. ஒரு நல்ல தோட்டம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த 108 வீடுதான் சரி.

ஓக்லாந்து_அக்கா எழுதியது:

108 குடும்பத்துக்கு வீடு கிடைத்தது நல்லதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதே தெருவில் மீதி வீடுகளின் வாடகை என்ன? ஃப்ரீவே நிழலில் பயத்தோடு குடியிருந்தவர்கள் யார், நிழல் போன பிறகு குடியிருப்பவர்கள் யார்? பக்கத்தில் ஃபில்மோரில் 1950-களிலும் 60-களிலும் நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் கறுப்பினக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். மிச்சம் இருந்தவர்களை வாடகை வெளியேற்றியது. ஹேஸ் தெருக் கடைகளைப் பார்த்துவிட்டு "ஊர் முன்னேறிவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வரைபலகை எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்பது சரியான கேள்வி. அதற்கு முழுப் பதில் இல்லை என்றாலும் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ரீவே மனைகளில் ஒன்றில், கோஃப் தெருவும் ஃபுல்டன் தெருவும் சந்திக்கும் மூலையில், 2011-ல் ரிச்சர்ட்சன் அபார்ட்மெண்ட்ஸ் வந்தது. வீடில்லாமல் தெருவில் இருந்தவர்களுக்காக 120 சின்ன வீடுகள். கீழே கடைகள், உள்ளே முற்றம், மருத்துவ உதவியும் அங்கேயே. பெயர் ஜூலியன் ரிச்சர்ட்சன், ரே ரிச்சர்ட்சன் தம்பதியுடையது. ஃபில்மோரில் கறுப்பின மக்களின் மார்கஸ் புக்ஸ் புத்தகக்கடையை நிறுவியவர்கள். அந்த மனை மாநிலத்தின் கையிலேயே இருந்து ஏலத்துக்குப் போயிருந்தால் அந்த மூலையில் இப்படி ஒரு கட்டடம் வந்திருக்காது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

மார்க்கெட்டுக்குத் தெற்கே டிவிஷன் தெரு மேல் ஃப்ரீவேயின் மிச்சம் இன்னும் நிற்கிறதே, அதன் அடியில்தான் 2016-ல் வரிசையாகக் கூடாரங்கள் இருந்தன. மேலே கூரை, கீழே மனிதர்கள். அந்தத் துண்டையும் எடுத்தால் எவ்வளவு நிலம் கிடைக்கும் என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

சன்செட்வாசி எழுதியது:

அதையும் எடுத்தால் நாங்கள் எந்த வழியாகப் போவது என்பதையும் அதே தாளில் கணக்குப் போடுங்கள். நிலத்தைப் பற்றி கோஃப்_தெரு சொன்னதை ஏற்கிறேன், அந்தக் கோணத்தில் யாரும் எங்களிடம் பேசியதில்லை. ஆனால் மேற்குப் பக்கத்துக்கு நல்ல ரயில் தராமல் அடுத்த துண்டில் கை வைத்தால் நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.

மேம்பாலம்73 எழுதியது:

980-க்கு வருவோம். அது 1985-ல் முடிந்தது. வளைகுடாவுக்குக் குறுக்கே இன்னொரு பாலம் வரும், அதோடு இணைக்கலாம் என்ற நினைப்பில் போட்ட அகலம். அந்தப் பாலம் வரவே இல்லை. எனவே ஆக்டேவியாவைவிட இங்கே போக்குவரத்து வாதம் சுலபம், தேவைக்கு மேல் லேன் இருக்கிறது. கஷ்டம் வேறு இடத்தில். பெரும்பகுதி பள்ளத்தில் ஓடுகிறது. இடிப்பதோடு முடியாது, நிரப்ப வேண்டும் அல்லது மூட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் தூணை எடுத்ததும் தரை தயாராக இருந்தது. இங்கே தரையையே உண்டாக்க வேண்டும், அதன் செலவை நிலத்தின் விலையிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். அப்போது குறைந்த வாடகை வீடுகள்தான் முதலில் வெட்டப்படும். நிரப்புகிற செலவுக்குத் தனியாக மத்திய, மாநிலப் பணம் வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

கோஃப்_தெரு எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். கால்ட்ரான்ஸ் நடத்தும் 980 ஆய்வுக்குக் கருத்துக் கடிதம் ஒன்று எழுதப்போகிறேன். இடிக்கும் முன்பே நிலம் சட்டப்படி ஓக்லாந்து நகரத்துக்கு மாற வேண்டும், நிரப்பும் செலவை அந்த நிலத்தின் தலையில் கட்டக்கூடாது, பஸ்ஸுக்குத் தனி லேன் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். இந்த மூன்றும் இருக்கும். அக்கா, வேறு என்ன சேர்க்கட்டும்?

ஓக்லாந்து_அக்கா எழுதியது:

வெளியேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர். சான் பிரான்சிஸ்கோவில் மறுசீரமைப்பால் வீடு இழந்தவர்களுக்கு முன்னுரிமைச் சான்றிதழ் என்று ஒன்று கொடுத்தார்கள், புது வீடு வரும்போது முதல் வாய்ப்பு அவர்களுக்கு என்று. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் வீடு கட்டி முடிப்பதற்குள் ஜனங்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், பல பேரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 980-க்காக வீடு விட்டுப் போனவர்களின் பட்டியலை இப்போதே எடுக்கச் சொல். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரும் வேண்டும். எங்கள் சர்ச்சில் மூன்று குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் உனக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கடிதத்தை அதற்கு முன்னால் அனுப்பிவிடாதே.